முதல் சக்கரம் எளிமையாக இருக்கட்டும்

கெய்ரின் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், 2017-இல் ஹாங்காங்கில் உலக வெற்றியாளர் பட்டம், தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி என்று வென்று, அந்தப் பந்தயத்தை மலேசிய வீடுகளுக்குள் கொண்டுவந்தவர் நம் நாட்டின் அஸிஸுல்ஹாஸ்னி அவாங். அந்தப் போட்டிகளில் கண்ணைப் பறிப்பது சைக்கிளின் பின்சக்கரம். அதில் கம்பிகளே இருப்பதில்லை. ஒரு பெரிய தட்டு அப்படியே சுழல்வதுபோல் இருக்கும்.

தடச் சைக்கிளோட்டத்தில் சேர நினைக்கும் மாணவருக்கு அந்தத் தட்டின் மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் அதன் விலை பல ஆயிரம் ரிங்கிட். பல குடும்பங்களில் அது ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடும். "அது இல்லாமல் ஜெயிக்க முடியாது" என்று யாராவது சொல்லிவிட்டால், வசதி உள்ள பெற்றோர் கடன் வாங்கியாவது வாங்கித் தருவார்கள். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை, இது நமக்கான விளையாட்டு இல்லை என்று ஒதுங்கிவிடும். இரண்டுமே தேவையற்ற இழப்புகள்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். தொடக்க நிலை ஓட்டக்காரருக்கு ஏற்றது அலுமினிய ரிம், 32 கம்பிகள், சாதாரண டயர், சரியான ஹப் கொண்ட எளிய சக்கரம்தான். பணம் இல்லாதவர்களுக்கான சமாதானமாக இதைச் சொல்லவில்லை. உங்கள் பாடநூலில் இருக்கும் இயற்பியலே அதைத்தான் சொல்கிறது. வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் உயிர், பிறகு வேகம்

தடச் சைக்கிளில் பிரேக் கிடையாது. கியர் மாற்றும் வசதியும் கிடையாது. பின்சக்கரத்தோடு பல்சக்கரம் நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும்வரை மிதிகளும் சுழலும். கால்களும் சுழல வேண்டும். மிதிக்காமல் சும்மா உட்கார்ந்து உருள முடியாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால், சுழலும் மிதியைக் கால்களால் எதிர்த்து அழுத்த வேண்டும்.

இங்கேதான் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் முக்கியமாகிறது. பல்சக்கரம் ஹப்பின் மேல் மரை வழியே திருகி ஏற்றப்படுகிறது. நீங்கள் முன்னோக்கி மிதிக்கும்போது அது இன்னும் இறுகும். எதிர்த்து அழுத்தும்போதோ, அது கழன்றுவிடப் பார்க்கும். இதைத் தடுக்க, பல்சக்கரத்தின் மேல் ஒரு பூட்டு வளையம் வரும். அதன் மரை எதிர்த்திசையில், அதாவது இடப்பக்கமாகத் திருகும்படி வெட்டப்பட்டிருக்கும். பல்சக்கரம் கழலும் திசையில் திரும்பினால், அதே திருப்பம் பூட்டு வளையத்தை இறுக்கிவிடும். ஒன்று தளர முயன்றால் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். எளிய ஏற்பாடு, ஆனால் உயிர்காக்கும் ஏற்பாடு.

பழைய சக்கரம் வாங்குபவர்கள் விழும் குழியும் இங்கேதான் இருக்கிறது. சாலையில் ஓடும் ஒற்றைக் கியர் சைக்கிள்களின் ஹப்பில் ஃப்ரீவீல் ஏற்றுவதற்கான மரை இருக்கும். தடப் பல்சக்கரமும் அதே மரையில் அழகாக ஏறிவிடும். பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அந்த ஹப்பில் பூட்டு வளையத்துக்கான இரண்டாவது மரை இருக்காது. சாய்தளத்தில் வேகத்தைக் குறைக்க நீங்கள் எதிர்த்து அழுத்தும் நொடியில் பல்சக்கரம் கழன்றால், வண்டியை அடக்க உங்களிடம் வேறு எதுவுமே இல்லை. ஆகவே விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், இரண்டு அடுக்கு மரை இல்லாத பின்சக்கரத்தை வாங்காதீர்கள்.

இன்னும் இரண்டு அளவுகளை நினைவில் வையுங்கள். தடச் சைக்கிளில் பின்சக்கரம் பொருந்தும் இடைவெளி பொதுவாக 120 மில்லிமீட்டர்; முன்சக்கரத்துக்கு 100 மில்லிமீட்டர். சாலைப் பந்தயச் சைக்கிளின் பின்சக்கரம் இதைவிட அகலமானது. அதைத் திணித்துப் பொருத்த முயல வேண்டாம். அச்சு, நட்டு போட்டு ஸ்பேனரால் இறுக்கும் வகையாக இருக்கட்டும். நீங்கள் முழுப் பலத்தோடு மிதிக்கும்போது சங்கிலி பின்சக்கரத்தை முன்னே இழுக்கும். அந்த இழுப்பில் சக்கரம் நகராமல் பிடித்துக்கொள்வது இந்த நட்டுகள்தாம்.

வளைவில் உங்கள் எடை கூடுகிறது

நெகிரி செம்பிலான், நீலாயில் உள்ள தேசிய வெலோட்ரோமில் ஒரு சுற்று 250 மீட்டர். மரத்தாலான தளம். இதுபோன்ற குறுகிய தடங்களின் வளைவுகள் 40 பாகைக்கும் மேல் சாய்ந்திருக்கும். அருகில் நின்று பார்த்தால் சுவர் எழுந்து நிற்பதுபோல் தெரியும்.

படிவம் 4 இயற்பியலில் மையநோக்கு விசையைப் படித்திருப்பீர்கள். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் மையநோக்கு முடுக்கம் கிடைக்கும். வளைவின் ஆரத்தை 22 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 15 மீட்டர். 15-இன் வர்க்கம் 225. அதை 22-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10. புவியீர்ப்பு முடுக்கமும் ஏறக்குறைய அதே அளவுதான். கிடைமட்டமாக ஒன்று, செங்குத்தாக ஒன்று. இரண்டையும் பிதாகரஸ் முறையில் கூட்டினால், சக்கரத்தை அழுத்தும் விசை உங்கள் எடையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு.

60 கிலோ எடையுள்ள மாணவர் அந்த வளைவில் 84 கிலோ எடையுள்ளவர்போல் சக்கரத்தை அழுத்துகிறார். ஒரு சுற்றில் இரண்டு வளைவுகள். 20 சுற்று ஓடினால் 40 முறை. மணிக்கு 70 கிலோமீட்டரை எட்டும் வீரருக்கு இது இரண்டு மடங்காகிவிடும்.

இந்தப் பாரத்தை அசராமல் தாங்குவதுதான் முதல் சக்கரத்தின் வேலை. 32 கம்பிகள் கொண்ட சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்தாலும், அக்கம்பக்கத்துக் கம்பிகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். ரிம் சற்றே கோணினாலும், மெதுவாக ஓட்டிக் கீழே இறங்கிவிட வாய்ப்புண்டு. மிகக் குறைந்த கம்பிகள் கொண்ட சக்கரத்தில் ஒன்று அறுந்தால் கோணல் பெரிதாக இருக்கும். அதோடு, 32 கம்பிச் சக்கரத்தை உங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரரே நிமிர்த்தித் தருவார். ஒரு கம்பியின் விலையில் பழுது முடிந்துவிடும். புதிதாக ஓட்டுபவர் விழுவார், எழுவார். அவரோடு சேர்ந்து விழுந்து எழக்கூடிய சக்கரம் வேண்டாமா?

ஒட்டும் டயரா, மாட்டும் டயரா?

தடப் பந்தயங்களில் பல வீரர்கள் பயன்படுத்துவது டியூபுலர் டயர். அதில் டயர் டியூபைச் சுற்றித் தைக்கப்பட்டு, பசையால் ரிம்மோடு ஒட்டப்பட்டிருக்கும். அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஓடும்போது காற்று இறங்கினாலும், நன்றாக ஒட்டியிருந்தால் டயர் ரிம்மை விட்டு எளிதில் விலகாது.

ஆனால், "நன்றாக ஒட்டியிருந்தால்" என்பதுதான் சிக்கல். ரிம்மிலும் டயரிலும் பல பூச்சுகள் பூச வேண்டும். ஒவ்வொன்றும் காயக் காத்திருக்க வேண்டும். பிறகு டயரைக் கோணாமல் ஏற்ற வேண்டும். அரைகுறையாக ஒட்டிய டியூபுலர், வளைவின் அழுத்தத்தில் ரிம்மிலிருந்து உருண்டு வெளியே வந்துவிடலாம். அனுபவமுள்ள பயிற்றுநரோ மெக்கானிக்கோ அருகில் இல்லாத மாணவருக்கு இது வேண்டாத ஆபத்து.

விளிம்பில் கொளுவி மாட்டும் சாதாரண டயரை உங்களால் சில நிமிடங்களில் கழற்றி மாட்ட முடியும். பஞ்சர் ஆனால் டியூபை மட்டும் மாற்றினால் போதும். கற்கும் காலத்துக்கு இதுவே போதும். ஒரு நிபந்தனை உண்டு. தடத்தில் ஓட்டும் டயரைச் சாலையில் ஓட்டாதீர்கள். டயரில் ஒட்டிக்கொண்டு வரும் மணலும் எண்ணெயும் சாய்தளத்தில் உங்களை மட்டுமல்ல, பின்னால் வருபவரையும் வழுக்கிவிடும்.

காற்று கேட்கும் விலை

இனி, எல்லாரும் ஆசைப்படும் அந்தத் தட்டுச் சக்கரத்துக்கு வருவோம். அது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. உருளும் சக்கரத்தின் உச்சி, சைக்கிளைப்போல் இரு மடங்கு வேகத்தில் முன்னே பாய்கிறது. அங்கே கம்பிகள் காற்றைக் கடைகின்றன. தட்டாக மூடிவிட்டால் அந்தக் கடைசல் குறைகிறது. இது உண்மையான இலாபம்.

ஆனால் எவ்வளவு இலாபம் என்பது உங்கள் வேகத்தைப் பொறுத்தது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். அதை வெல்லச் செலவாகும் திறன் வேகத்தின் கனத்துக்கு ஏற்ப வளரும். ஒரு கணக்குக்காக, மணிக்கு 50 கிலோமீட்டரில் ஒரு சக்கரம் உங்களுக்கு 20 வாட் மிச்சப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டரில் அதே சக்கரம் எவ்வளவு மிச்சப்படுத்தும்? 30-ஐ 50-ஆல் வகுத்தால் 0.6; அதன் கனம் 0.216. ஆக, மிச்சம் 4 வாட்டுக்குச் சற்று மேல். வீரர் கொடுத்த அதே விலையை நீங்களும் கொடுக்கிறீர்கள். ஆனால் அவருக்குக் கிடைக்கும் பயனில் ஐந்தில் ஒரு பங்குதான் உங்களுக்குக் கிடைக்கிறது.

மேலும், காற்றை அதிகம் தடுப்பது சக்கரம் அல்ல, உங்கள் உடல். முதுகைத் தாழ்த்தி, முழங்கைகளை உள்ளே மடக்கி, தலையைக் குனிந்து, அந்த நிலையிலேயே பல சுற்றுகள் ஓட்டப் பழகினால் கிடைக்கும் இலாபம் பெரியது. அதற்கு ஒரு சென் கூடச் செலவில்லை.

திறந்தவெளித் தடங்களில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. ஈப்போவின் வெலோட்ரோம் ராக்யாட் போன்ற இடத்தில் பக்கக் காற்று வீசும். ஆழமான ரிம் கொண்ட முன்சக்கரம் பாய்மரம்போல் அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு திசைதிரும்பப் பார்க்கும். கைப்பிடியை உறுதியாகப் பிடிக்க இன்னும் பழகாதவருக்கு அது தொல்லைதான்.

எடை குறைந்தால் பறக்கலாமா?

"ரிம் எடை குறைந்தால் இரட்டிப்பு இலாபம்" என்று கடைகளில் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ரிம் முன்னேயும் செல்கிறது, சுழலவும் செய்கிறது. ஆகவே அதில் குறையும் ஒரு கிராம், வேகமெடுக்கும்போது சட்டத்தில் குறையும் இரண்டு கிராமுக்குச் சமம்.

ஆனால் இரட்டிப்பு என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். சக்கரத்துக்கு 300 கிராம் வீதம் இரண்டு ரிம்களிலும் மொத்தம் 600 கிராம் குறைத்துவிட்டீர்கள் என்று கொள்வோம். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தை எட்டும்போது மிச்சமாகும் ஆற்றல் 60 ஜூல். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 70 கிலோ என்றால், அந்த வேகத்தில் உங்கள் மொத்த இயக்க ஆற்றல் ஏறக்குறைய 3,600 ஜூல். மிச்சம் 100-க்கு 2 கூட இல்லை. அதுவும் வேகமெடுக்கும்போது மட்டும். சீரான வேகத்தில் சுற்றிவரும்போது எடையின் பங்கு மிகக் குறைவு.

இதோடு வேறொரு கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். தடத்தின் நீளம் கீழே உள்ள கறுப்புக் கோட்டில் அளக்கப்படுகிறது. வளைவுகளில் நீங்கள் அந்தக் கோட்டிலிருந்து ஒரு மீட்டர் மேலே விலகி ஓட்டினால் என்ன ஆகும்? தளம் சாய்ந்திருப்பதால் ஆரம் ஏறக்குறைய 0.7 மீட்டர் கூடும். அதை 2π-ஆல் பெருக்குங்கள். ஒரு சுற்றுக்கு 4 மீட்டருக்கும் மேல் கூடுதல் தூரம்! 10 சுற்றில் 40 மீட்டருக்கு மேல். எந்தச் சக்கரத்தை வாங்கி இந்த இழப்பை ஈடுகட்டப் போகிறீர்கள்? கோட்டைப் பிடித்து ஓட்டப் பழகுவதுதான் அதற்கு ஒரே மருந்து.

பணத்தை எங்கே போடலாம்?

மிச்சமாகும் பணத்தில் இரண்டு மூன்று பல்சக்கரங்கள் வாங்குங்கள். வழக்கமான சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். முன்னே 48 பற்கள், பின்னே 15 பற்கள் என்றால் ஒரு மிதிச்சுற்றில் 6.7 மீட்டர் நகர்வீர்கள். பின்னே 16 பற்கள் போட்டால் 6.3 மீட்டர், 14 போட்டால் 7.2 மீட்டர். இளம் கால்களுக்கு எந்தக் கியர் ஒத்துவரும் என்பதை மாற்றி மாற்றி ஓட்டித்தான் கண்டுபிடிக்க முடியும். ஒரு பற்சக்கர மாற்றம் உங்கள் ஓட்டத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பதை முதல் நாளே உணர்வீர்கள்.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். "எதிராளி தட்டுச் சக்கரத்தோடு வந்தால் நான் எப்படி ஜெயிப்பது?" நியாயமான கேள்விதான். நேரத்தை எதிர்த்து ஓடும் போட்டியில், இருவரும் சம பலத்தில் இருந்து, வித்தியாசம் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்காக இருந்தால், சக்கரம் முடிவை மாற்றலாம். உங்கள் வேகம் 50 கிலோமீட்டரை நெருங்கி, உடல் நிலையும் கோடு பிடிப்பதும் கைவந்துவிட்டால், நல்ல சக்கரத்தைத் தேடுவதில் தவறே இல்லை. அந்த நாள் வரும்போது, நீங்கள் எந்தப் போட்டிக்குத் தயாராகிறீர்கள் என்பதும் தெரிந்திருக்கும். அதற்கேற்ற சக்கரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்கலாம். முதல் ஆண்டிலேயே வாங்கினால் குருட்டாம்போக்கில்தான் வாங்குவீர்கள்.

என் பேச்சை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கழகத்தில் யாரிடமாவது உயர்ரகச் சக்கரத்தை ஒரு நாள் இரவல் வாங்குங்கள். கியர், டயரின் காற்றழுத்தம், உடை எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். முதலில் உங்கள் சக்கரம், பிறகு இரவல் சக்கரம், மீண்டும் இரவல், கடைசியில் உங்களுடையது என்ற வரிசையில் இரண்டிரண்டு சுற்று ஓடி நேரத்தைக் குறியுங்கள். இப்படி மாற்றி அமைப்பதால், களைப்பு ஒரு சக்கரத்தின் மேல் மட்டும் பழியாக விழாது. பிறகு, ஒரே சக்கரத்தில் நீங்கள் ஓடிய இரு நேரங்களுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு என்று பாருங்கள். அது இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால், திருத்த வேண்டியது சக்கரத்தை அல்ல, ஓட்டத்தை.

பள்ளிகளுக்கும் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே விலையுயர்ந்த சக்கரம் வாங்க வேண்டியதில்லை. கழகத்தின் பொதுவில் ஒரு நல்ல சக்கரத் தொகுதி இருந்து, போட்டி நாளில் தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு எல்லாரும் எளிய சக்கரத்தில் ஓடட்டும். அப்போதுதான் யாருடைய கால்களில் திறமை இருக்கிறது என்று பயிற்றுநருக்கும் தெளிவாகத் தெரியும்.

கடைக்குப் போகும்போது நான்கைச் சோதியுங்கள். ஹப்பில் பூட்டு வளையத்துக்கான மரை இருக்கிறதா, அது தேயாமல் இருக்கிறதா? அச்சைப் பிடித்துச் சுழற்றினால் ரிம் பக்கவாட்டில் ஆடாமல் ஓடுகிறதா? அச்சு தடங்கலின்றிச் சுழல்கிறதா? கடைசியாக, ஒரே பக்கத்துக் கம்பிகளை வீணையின் தந்திபோல் ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலித்தால் இழுவிசை சீராக இருக்கிறது என்று பொருள். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது; கடைக்காரரிடம் இறுக்கித் தரச் சொல்லுங்கள்.

நான்கும் சரியாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். 250 மீட்டர் தடத்தில் அந்தச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 119 முறை சுழலும். ஆயிரம் சுற்றுகள் ஓடி முடித்த பிறகு, அடுத்த சக்கரம் எது என்று யாரையும் கேட்க வேண்டிய தேவை உங்களுக்கு இருக்காது.